சில்வர் பெயிண்ட் அடித்த இஞ்சின்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைக்கும் வண்டி கிளம்பவில்லை. வில்லியனூரில் இருசப்பன் பட்டறையில் காலையிலிருந்து ஓர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்து இடுப்பு வலித்ததுதான் மிச்சம்.

சாவியைப் போட்டால் மீட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது. இஞ்சின் விளக்கு மட்டும் எரியவில்லை. செல்ப் அடித்தால் நன்றாகத்தான் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்கேனரைச் செருகினால் மீட்டர் பதில் சொல்கிறது, பிரேக் பதில் சொல்கிறது. இஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் வாயே திறக்கவில்லை. 'தொடர்பு இல்லை' என்று திரையில் சிவப்பாக வருகிறது. எத்தனை தடவை போட்டாலும் அதே சிவப்பு.

"இஞ்சின் இறக்கி ஏத்தறது என் வேலை. கம்ப்யூட்டர் பேசலன்னா நான் இன்னா பண்ண முடியும்?" - இது இருசப்பன். வேலையை ஒத்துக்கொண்ட அன்று இந்த வாய் எங்கே போயிருந்தது?

எல்லாவற்றுக்கும் மூல காரணம் என் கூடப்பிறந்த அண்ணன் பாக்யராஜ். போன மாதம் சிநேகிதன் கல்யாணத்துக்குத் திருவண்ணாமலை போகிறேன் என்று என் வேனை எடுத்துக்கொண்டு போனான். ரேடியேட்டரில் தண்ணீர் போய்விட்டது. சூடு முள் மேலே ஏறியதைப் பார்க்கவே இல்லையாம். பார்க்கவில்லையா, பார்த்தும் ஓட்டினானா? இஞ்சின் ஜாமாகி நின்ற பிறகுதான் எனக்குப் போன் செய்தான். "நானே வேற இஞ்சின் தேடித் தரேன், நீ கத்தாத" என்று சொல்லி, திருபுவனை பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டிலிருந்து எடுத்து வந்தான். வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்து, பிறகுதான் பட்டறைக்கு அனுப்பினான். சில்வர் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பழசு என்று சொல்லவே முடியாது. நான் மடச்சி, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நான் வேனில் பெண்களை வேலைக்கு ஏற்றிப் போகிற கம்பெனியின் மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். செப்டம்பர் முதல் தேதி என் வண்டி கேட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பாகூர் ரூட் நிரந்தரமாக, இதே கம்பெனிக்கு வேன் விடுகிற தமிழ்க்குமரனுக்கு. இப்போதே அவன் வண்டியில்தான் என் வண்டிப் பெண்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

புருஷன் வேண்டாம் என்று வந்தவளுக்கு இந்த வண்டிதான் எல்லாம். அது போனால் மறுபடி இந்த வீட்டில் சோற்றுக்கு நிற்க வேண்டும். அதற்குச் சாகலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா சொல்கிறாள்: "ஆடியில இஞ்சின் ஏத்தினா இப்படித்தான்." ஆடி மாதம் பார்த்துத்தான் உன் பிள்ளை வண்டியைக் கெடுத்தானா என்று கேட்டேன். மோர் மிளகாயைத் திருப்பிப் போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பெட்டி செத்துப்போச்சு என்று இருசப்பன் தீர்ப்பு சொன்னான். கழற்றி, டவுனில் பெட்டி ரிப்பேர் பார்க்கிற கடைக்கு நானே எடுத்துப் போனேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி. அவர்கள் மேசையில் வைத்துத் தனியாகக் கரண்டு கொடுத்துப் பார்த்தார்கள். ஜம்மென்று பேசுகிறது. ஒரு குறையும் இல்லை என்கிறார்கள்.

திரும்ப வந்து வண்டியில் மாட்டினால் அதே சிவப்பு.

"அப்ப சாவி லாக்கு. பெட்டிக்கும் சாவிக்கும் ஒத்துவரல" என்றான்.

"பெட்டியும் என் வண்டிது. சாவியும் என் வண்டிது. ரெண்டும் வருஷக்கணக்கா ஒண்ணாத்தான கெடக்குது? மாறினது இஞ்சின் மட்டும்தான். அப்ப இஞ்சின் பக்கம் பாரு" என்றேன்.

"வண்டி ஓட்றதோட நிறுத்திக்கம்மா. வேலய எனக்குக் கத்துத் தராத."

பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் சிரித்தான். நான் பெண்பிள்ளை இல்லாவிட்டால் இதே பேச்சுக்கு இருசப்பன் உட்கார்ந்து யோசித்திருப்பான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தேவி போன் செய்தாள். "யக்கா, வண்டி எப்ப வரும்? இந்தாளு வண்டில பாட்டுச் சத்தத்துல காது கிழியுது. ரெண்டு பேர் சீட்ல மூணு பேர ஒக்கார வைக்கறான்."

அடுத்த வாரம் என்று பொய் சொன்னேன்.

தேவிதான் என் வண்டியில் முதலில் ஏறியவள். மற்ற பெண்களைப் பேசிச் சேர்த்து விட்டதும் அவள்தான். போன வருஷம் அவள் புருஷன் சாமிக்கண்ணு போய்ச் சேர்ந்தான். நெட்டப்பாக்கத்துக்காரர் ஒருவரின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். ஏரிக்கரை ரோட்டில் குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுக்கப் போய் வண்டி வாய்க்காலில் சாய்ந்துவிட்டது. வண்டி காலியாக வந்ததால் அவன் ஒருவனோடு போயிற்று. அதிலிருந்து தேவி என் வண்டியில் முன் சீட்டில் உட்காருவதே இல்லை. கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். ஏரிக்கரை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தாண்டிய பிறகு திறப்பாள். நான் கண்ணாடியில் பார்ப்பேன், பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வயரிங் முழுக்க டேப்பைப் பிரித்துப் போட்டுவிட்டான். எலி கடித்திருக்குமாம். எலியும் இல்லை, கடியும் இல்லை. பியூஸ் எல்லாம் சரி. பெட்டிக்குக் கரண்டு வருகிறது, டெஸ்ட் லாம்ப் எரிகிறது என்று என்னிடமே காட்டினான். கரண்டு வந்தால் ஏன் பேசவில்லை?

என் வண்டி குடலை உருவிப் போட்ட ஆடு மாதிரி நிற்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தமிழ்க்குமரன் பட்டறைக்கே வந்தான். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. "இன்னா குமாரி, புது இஞ்சின் பேசுதா?" என்றான்.

"உன்னப் பாத்ததும் பேசப் பிடிக்காமப் போச்சாம்" என்றேன்.

"எதுக்கு இவ்ளோ கஷ்டம்? வண்டிய நல்ல வெலைக்கு என்கிட்ட குடுத்துடு. ஓட்டறதுக்கு உனக்கே சம்பளம் போட்டுத் தரேன்."

என் வண்டியில் நான் சம்பளக்காரி! இருசப்பன் தலையை இஞ்சினுக்குள் விட்டுக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தான். தமிழ்க்குமரன் போனதும், "நல்ல ரேட்டா கேக்கறான், யோசி" என்றான். கையில் ஸ்பேனர் இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பாகூர் டீக்கடையில் அண்ணனும் தமிழ்க்குமரனும் ஒரே பெஞ்சில். என்னைப் பார்த்ததும் அண்ணன் எழுந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எவ்ளோ கமிஷன்? ஓடாத இஞ்சினாப் பாத்து எடுத்தாந்தியா? வண்டி நின்னா அவன் வாங்கிப்பான், அதான பேச்சு?"

"வாய அளந்து பேசுடி. அவன்தான் கூப்ட்டு ஒக்கார வெச்சான்."

"அப்ப ஏன் என்னப் பாத்து எழுந்த?"

ஏதோ மறைக்கிறான். அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும், சின்ன வயதிலிருந்தே. இன்றைக்குச் சிவந்திருந்தது. கூடப்பிறந்தவன் இப்படிச் செய்வானா? செய்வான். என்னை ஊர் சிரிக்க வைத்தவர்கள் எல்லாம் என் ஆட்கள்தானே.

ஆகஸ்ட் 16, சனி

நேற்றும் லீவு, இன்றைக்கும் லீவு. தேசத்துக்கே ஒரு சுதந்திர தினம், பிரெஞ்சுக்காரனிடமிருந்தும் விடுபட்ட பாண்டிக்கு மட்டும் இரண்டு. பட்டறை பூட்டிக் கிடக்கிறது. பூட்டின ஷட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என்னத்துக்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இனி ஆடியைச் சொல்ல முடியாது. அம்மா வேறு எதைக் கண்டுபிடிப்பாள் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

இருசப்பனைக் கேட்காமலே அரியாங்குப்பத்திலிருந்து ஆண்டனியை வரவழைத்தேன். வண்டி எலக்ட்ரீஷியன். கூப்பிட்டால் லேசில் வரமாட்டான், வந்தால் வாயை மூடமாட்டான் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டும் உண்மை. இறங்கும்போதே, "பாண்டி முழுக்க என்ன உட்டா ஆள் இல்ல, தெரியுமில்ல?" என்றான். இருசப்பன் மூஞ்சி அம்மிக்கல் மாதிரி ஆயிற்று.

"எவன் இந்த வயர இப்படிக் கிழிச்சது?"

"எலி கடிச்சிருக்கோன்னு..." என்றான் இருசப்பன்.

"எலிக்கு உன்ன விட மூள ஜாஸ்தி."

ஆண்டனி ஒரு நீள வயரை எடுத்தான். ஒரு முனையை பேட்டரி மைனஸில் கடிக்க விட்டான். இன்னொரு முனையைப் பெட்டியின் பிளக்கில் எர்த் வருகிற இடத்தில் வைத்தான். ஸ்கேனரை என் கையில் கொடுத்து, "அமுத்து" என்றான்.

பச்சை.

இஞ்சின் விளக்கும் எரிந்தது. எத்தனை நாளாக நான் பார்க்கத் தவித்த மஞ்சள் விளக்கு.

"கரண்டு வந்தா மட்டும் போதுமா? திரும்பிப் போக வழி வேணாம்? பொட்டிக்கு எர்த் இல்ல" என்றான். இருசப்பன், "டெஸ்ட் லாம்ப் போட்டுப் பாத்தனே, நல்லா எரிஞ்சிதே" என்றான். "லாம்ப்பு க்ளிப்ப பாடியில கடிக்க உட்டுப் பாத்திருப்ப. பொட்டியோட எர்த் எங்க போய்ப் புடிக்குதுன்னு பாத்தியா?"

அந்த வயர்கள் கீழே இறங்கி, இஞ்சின் பக்கவாட்டில் ஒரு போல்ட்டில் போய் நிற்கின்றன. போல்ட்டைக் கழற்றினான். அடியில் இரும்பே தெரியவில்லை. சில்வர் பெயிண்ட். கிராமத்துக் கதவுக்கு அடிக்கிற மாதிரி தடியாக, ஒன்றின் மேல் ஒன்றாக. வயர் பிடிப்பது பெயிண்ட்டை, இரும்பை இல்லை. அப்புறம் எங்கிருந்து பேசும்?

"அப்ப செல்ப் எப்படி சுத்திச்சி?" என்று நான் கேட்டேன்.

"அதோட தடி எர்த் கியர் பொட்டில இருக்குது. கியர் பொட்டி உன் பழசு. அதுக்கு எவனும் மேக்கப் போடல." உப்புத்தாள் வைத்து அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே கத்தினான்: "இஞ்சினுக்கு எவன்டா பெயிண்ட் அடிச்சது?"

"நானில்ல. பாக்யராஜுதான் வூட்லயே அடிச்சி எடுத்தாந்தான்" என்றான் இருசப்பன்.

இறுக்கி முடுக்கி, இரண்டாவது செல்ப்பில் ஸ்டார்ட் ஆனது. புகையும் சத்தமுமாகப் பட்டறையே ஆடிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாயாடி முன்னால் அழக்கூடாது என்று கிரீஸைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்தேன். துடைத்ததில் கிரீஸ் அப்பிக்கொண்டது. ஆண்டனி சிரித்தான். சிரிக்கட்டும்.

ஆறின இஞ்சினில் மட்டும் ஒரு 'டக் டக் டக்' வருகிறது. கொஞ்ச நேரம் ஓடினால் அடங்கிவிடுகிறது. "அத அப்பறம் தெறந்து பாத்துக்கலாம்" என்றான் இருசப்பன்.

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியெல்லாம் சந்தோஷம். பாகூர் வரும்போதுதான் மண்டையில் உறைத்தது. அவன் ஏன் பெயிண்ட் அடித்தான்? ஆணி அடிக்கக்கூட வளையாத உடம்பு அது. இஞ்சினுக்கு உட்கார்ந்து பெயிண்ட் அடித்தானா? அதுவும் அத்தனை தடியாக?

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன்.

"நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாவு நடந்த வூட்டுக்கு வெள்ளையடிக்காம பொழங்குவமா? பதினாறுக்குள்ள அடிக்கிறமா இல்லியா? அதான் மூணு கோட்டு அடிக்கச் சொன்னேன். ஓட்டப் போறவ நீ."

"யாரு செத்தாங்க? யாரு வண்டிம்மா அது?"

முறத்தைப் பிடுங்கினேன். கீரை எல்லாம் சிதறிற்று.

"சாமிக்கண்ணு ஓட்டின வண்டி" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அண்ணனைக் கேட்டேன். கேட்டேன் என்ன, தெருவே கூடுகிற அளவுக்குக் கத்தினேன்.

"அதே மாடலு, அதே வருஷம். வண்டி பக்கவாட்டுல சாஞ்சதால இஞ்சின் மேல ஒரு கீறலு இல்ல. வேற எங்க கிடைக்கும்? செப்டம்பர் ஒண்ணு செப்டம்பர் ஒண்ணுன்னு உயிர வாங்கினது நீதான?"

"சொல்லியிருக்கணுமா இல்லியா?"

"சொன்னா வாங்க உட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அவன் சொன்னது நியாயம். நியாயத்தை அவன் வாயில் கேட்டதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. டீக்கடையில் எழுந்து நின்றதுக்கும் இதுதான் காரணமாம். தமிழ்க்குமரன் இஞ்சின் எங்கே வாங்கினாய் என்று துருவிக்கொண்டிருந்தானாம். கமிஷன் என்று நான் சொன்னது தப்பு. தப்பு என்று அவனிடம் சொல்லப் போவதில்லை.

"யாருக்கும் தெரியாது. நீயா போய் ஊதாத. தெரிஞ்சா ஒரு பொம்பள ஏறமாட்டா" என்றான். அம்மா உள்ளேயிருந்து, "அந்தப் பொண்ணு வயித்தெரிச்சல் நமக்கு வேணாம்" என்றாள். வயிற்றெரிச்சலுக்குப் பயம் இருக்கிறவள் பெயிண்ட் அடிக்கச் சொன்னது எதற்கு?

ஆகஸ்ட் 23, சனி

சொல்வதா வேண்டாமா?

வேறு இஞ்சின் தேட நேரம் இல்லை. இதை எடுத்துவிட்டால் ரூட் போயிற்று, வண்டியும் போயிற்று.

சொல்லாமல் விட்டால் தேவி கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு ஏரிக்கரையைத் தாண்டுவாள். அவளைத் தாண்ட வைக்கிறதே அந்த இஞ்சின். நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். தினமும்.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் தெரியும். தமிழ்க்குமரன் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் வாயால் தேவி கேட்டால்?

நான் ஒன்றும் நல்லவள் வேஷம் போடவில்லை. இவர்கள் எனக்குச் செய்ததையே நான் தேவிக்குச் செய்துவிட்டு, அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இவர்களைத் திட்டுவது? எனக்குத் திட்ட வேண்டும். அதற்காகவாவது சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தேவி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை எனக்கு. "என் வண்டில இப்ப இருக்கறது சாமிக்கண்ணு ஓட்டின வண்டியோட இஞ்சின். எனக்கே புதன்கிழமதான் தெரியும்" என்று போட்டு உடைத்தேன்.

கையில் இருந்த சட்டையைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் நின்ற பிறகும்.

"எங்கிட்ட ஏன் சொன்ன?"

"தெரிஞ்சிகிட்டும் சொல்லாம..."

"சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு ஏறி எறங்கிகினு இருப்பேன். உன் பாரத்த எறக்கி வைக்க நான்தான் கெடச்சனா? வண்டியையும் நீயே வெச்சிக்குவ, நிம்மதியையும் நீயே வெச்சிக்குவ. எனக்கு இன்னா வெச்ச?"

வாளித் தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினாள். என் கால் மேல் பட்டது. வேண்டுமென்று ஊற்றினாளா, தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஈரக்காலோடு நடந்து வந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன். இன்னாடி இது, உண்மைய சொன்னதுக்கு இதுவா மரியாத? யாரு சொல்லுவா உங்கிட்ட? வீடு வந்ததும் திட்டு தீர்ந்துபோயிற்று. அவள் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அண்ணன் வண்டிக்கு மாலை வாங்கி வந்தான். அம்மா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் காத்திருந்தாள். மாலையைப் போட விட்டேன். பழத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். "நசுக்கினா போற தோஷம் இல்ல இது" என்றேன்.

அம்மா அந்தப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "உனக்கு ஏதாவது ஆயிடப் போவுதுன்னுதாண்டி அடிக்கச் சொன்னேன்" என்றாள். என்ன சொல்வது? அவள் அடிக்கச் சொன்ன பெயிண்ட்டால்தான் வண்டி நின்றது என்று சொல்லவா? அது அவளுக்கே தெரியும்.

செப்டம்பர் 1, திங்கள்

கேட்டில் நேரத்துக்கு நின்றேன். மேனேஜர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "ஆள் குறையுதே" என்றார்.

தேவி வரவில்லை. அவள் தெருவைச் சேர்ந்த இரண்டு பேரும் வரவில்லை. மூன்று பேரும் தமிழ்க்குமரன் வண்டியில் போனார்கள், என் கண்ணுக்கு முன்னால். அவன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். பொறுக்கி.

"இந்த மாசம் பாக்கறேன். சீட் காலியா வந்தா ஒரே வண்டி போதும்னு மேல கேப்பாங்க" என்றார் மேனேஜர்.

காலையில் அந்த 'டக் டக்' பெரிதாகக் கேட்கிறது. ஏறினவர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 3, புதன்

இருசப்பன் சத்தத்தைக் கேட்டான். மேல் மூடியைத் திறந்து பார்க்க வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா, அடக்கிவிடலாம் என்றான். சரி என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

என் வண்டியில் வருகிற ஜெயசுதா இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள். "யக்கா, இது தேவி வூட்டுக்காரர் ஓட்டின இஞ்சினாமே?"

"ஆமாம். ஏறுறதுன்னா ஏறு, இல்லன்னா போ" என்றேன்.

இறங்கிப் போய்விட்டாள். ஏன்டி குமாரி உனக்கு இந்த வாய்? கேள்வி கேட்டவள் மேல் என்ன தப்பு? திங்கட்கிழமை அவளும் வரமாட்டாள். பாதி வண்டி காலி. இந்த மாதத்தோடு முடிந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

ஜெயசுதா வந்தாள். உர்ரென்று ஏறினாள், ஆனால் ஏறினாள்.

தேவி நிறுத்தத்தில் நான் நிறுத்துவதாகவே இல்லை. அவள் நின்றுகொண்டிருந்தாள். கை காட்டவில்லை, சும்மா நின்றாள். பின்னால் அவள் தெருப் பெண்கள் இரண்டு பேரும். பிரேக் போட்டேன்.

பின் கதவுக்குப் போகவில்லை. முன் கதவைத் திறந்து, என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அந்த சீட்டுக்கு அடியில்தான் இஞ்சின். காலில் சூடு அடிக்கும், யாரும் விரும்பி உட்காரமாட்டார்கள். அவள் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி சூடாகவில்லை. டக் டக் டக். எனக்கு வெட்கமாக இருந்தது. "வர ஞாயித்துக்கிழம பட்டறைக்கு உடறேன். இருசப்பன் சரி பண்ணிடுவான்" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

அப்போதுதான் திரும்பினாள். அவ்வளவு கோபத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"எத சரி பண்ணுவான்?"

"இந்த சத்தத்த."

"அது அப்பத்துலர்ந்தே அப்படித்தான். காலைல அவரு வண்டி எடுத்தா தெருமுனைல கேக்கும். நான் அடுப்புலர்ந்து எறக்கிட்டு அவரு கெளம்பறதுக்குள்ள டீய ஆத்துவேன். பால்காரர் வூடு தாண்டறதுக்குள்ள அடங்கிடும்." பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எவனாவது இதுல கைய வெச்சான், உன்ன சும்மா உட மாட்டேன்."

பால்காரர் வீடு வந்தது. அதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. அவள் சொன்ன மாதிரியே.

ஏரிக்கரையில் அவள் கண்ணை மூடவில்லை. நான்தான் அவள் பக்கம் பார்க்க முடியாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். கம்பெனியில் இறங்கும்போது போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். கதவு உடைந்தால் யார் கொடுப்பது?

செப்டம்பர் 14, ஞாயிறு

இருசப்பன் போன் செய்தான். "இன்னாம்மா, வண்டி கொண்டாரலியா? சத்தத்த எடுக்கணும்னியே."

"வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"உனக்கு எதுக்கு?" என்று வைத்துவிட்டேன்.